கன்னு இருக்கா?

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அஸ்தினாபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பால் ஊற்றிப் பிழைக்கிறவள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. தண்ணி கலந்தியா என்று கேட்பவளுக்கு அங்கேயே பதில் கொடுக்காவிட்டால் மறுநாள் தெருவே அதைத்தான் பேசும். ஆனால் எண்பத்தெட்டாம் வருஷம் என் வாய் அடங்கிப் போயிருந்தது. என் ஒரே பெண் அம்மணியைப் படப்பையில் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. குழந்தையும் தங்கவில்லை.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. பால் கறக்க உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும். எங்களிடம் பால் வாங்கும் ஜீவரத்தினம் டீச்சர் இதைப் பார்த்துவிட்டு, "சரசு, இப்படியே விட்டா நீயும் போய்ச் சேந்துடுவ. குரோம்பேட்டையில புதுசா ஒரு டாக்டர் வந்திருக்கார், போய்ப் பாரு" என்றார். யக்ஞநாராயணன் என்று பெயர். அமெரிக்காவில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தவராம்.

என் வீட்டுக்காரர் எத்திராஜ் துணைக்கு வரவில்லை. அவர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். தாம்பரத்தில் ஒரு பேங்க் வாசலில் காவல் வேலை. சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருக்கிறவர்களுக்குத்தான் அந்த வேலை. மற்ற காவல்காரர்கள் சாயந்திரம் துப்பாக்கியை பேங்கிலேயே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்கிற மாதிரி சைக்கிளில் வருவார். அவ்வளவு பெருமை. "மனசு சரியில்லன்னு எவனாவது டாக்டராண்ட போவானா? தைலத்தத் தடவிக்கினு படு" என்றார். போய்யா என்று நான் தனியாகக் கிளம்பினேன்.

டாக்டர் நல்ல மனுஷர்தான். பொறுமையாகக் கேட்டார். பெண்ணைப் பற்றிக் கேட்டார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டுவிட்டார். அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. பதில் சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"வீட்ல கன்னு ஏதாவது இருக்காம்மா?"

மாட்டுக்காரியிடம் கன்னைப் பற்றி விசாரிக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இருக்குது டாக்டர். ரெண்டு கீது."

"ரெண்டா?" அவர் பேனா நின்றது. "எங்க வெச்சிருக்கீங்க?"

"வூட்டுக்குப் பின்னாலதான். கட்டி வெச்சிருக்கேன்."

"அத யார் எடுக்கறது, வெக்கறது எல்லாம்?"

"நான்தான். அவரு கிட்டகூட வரமாட்டாரு. ராத்திரி தூக்கம் வரலன்னா எழுந்து போய் அதுங்கள தடவிக் குடுத்துகினு உக்காந்திருப்பேன். அப்பதான் மனசு கொஞ்சம் அடங்கும்."

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. மாத்திரையெல்லாம் அப்புறம். மொதல்ல அந்த ரெண்டையும் வீட்ட விட்டு அனுப்பிடுங்க. இன்னிக்கே. உங்க உயிருக்கு அதுதான் ஆபத்து" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். நோய்க்காரி நான், வீட்டை விட்டுப் போக வேண்டியது கன்றா? ஒன்று கிடேரி, ஒன்று காளை. பிறந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. தாயிடமிருந்து பிடுங்கி அனுப்பு என்று ஒரு டாக்டர் சொல்லலாமா, அதுவும் பெண்ணைப் பறிகொடுத்தவளிடம்? "உன் மருந்த நீயே சாப்புடு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே வாசல்வரை வந்து, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிக் கெஞ்சினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் கொட்டிவிட்டேன். அவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. பேங்க் காவல்காரன் வீட்டில் சாணி நாற்றமா என்று ரொம்ப நாளாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்த ஆள். மறுநாளே படப்பையிலிருந்து துரை என்கிற மாட்டுத் தரகனைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"டாக்டரே சொல்ட்டாரு துரை. அவுத்துக்கினு போ."

நான் பால் சொம்போடு குறுக்கே போய் நின்றேன். "யோவ் துரை, கவுத்துல கை வெச்சுப் பாரு. சொம்பு உன் மண்டையிலதான் எறங்கும்."

துரை என்னையும் சொம்பையும் பார்த்தான். "அண்ணா, உங்க பேஜாரு எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவருக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது.

"படிச்சவர் சொன்னத கேக்க மாட்ட இல்ல? வா, அவர் வாயாலயே கேட்டுடுவோம்" என்று குதித்தார்.

"வாய்யா. எனக்கு இன்னா பயமா? கன்னுமேல அவருக்கு இன்னா கோவம்னு நானும் கேக்கறேன்" என்று புடவையை உதறிக்கொண்டு கிளம்பினேன்.

எங்களைப் பார்த்ததும் டாக்டர் மற்ற நோயாளிகளை உட்கார வைத்துவிட்டு எங்களை உடனே உள்ளே கூப்பிட்டார். "என்னம்மா, அனுப்பிட்டீங்களா?"

"எங்க சார்," என்றார் இவர். "புரோக்கர் வந்தும் இவ விடல."

"புரோக்கரா? போலீஸ் ஸ்டேஷன்ல இல்ல ஒப்படைக்கணும்?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "போலீசு எதுக்கு? அது இன்னா திருடிச்சா, கொல பண்ணிச்சா? பால் குடிக்கிற பச்ச மண்ணு டாக்டர் அது."

"பால் குடிக்கிறதா?"

"பின்ன, கன்னுக்குட்டி பால் குடிக்காம பிரியாணியா துன்னும்?"

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. "அம்மா, நான் கேட்டது கன். துப்பாக்கி. துப்பாக்கிம்மா" என்றார். நம் ஊர் வாயில் கன்றும் கன்னுதான், இங்கிலீஷ் துப்பாக்கியும் கன்னுதான். இவரும் சேர்ந்துகொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். அவர் இருந்த ஊரில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்குமாம். மனசு உடைந்து வருகிறவர்களிடம் டாக்டர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்களாம். சிலர் சொல்வார்களாம், சிலர் உன் வேலையைப் பார் என்பார்களாம். "அந்தப் பழக்கத்துல கேட்டுட்டேன். நம்ம ஊர்ல யார் வீட்ல துப்பாக்கி இருக்கப் போறது. அத விடுங்க. கன்னுக்குட்டிங்க உங்களோடயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை எடுத்தார்.

"அதானே சார். நம்ம வூட்டுல எல்லாம் அது ஏது" என்றார் இவர். மேஜைக்கு அடியில் அவர் கால் என் காலை அழுத்தியது. எனக்குப் புரியாமல் இல்லை. சொன்னால் டாக்டர் பேங்குக்குச் சொல்வார், பேங்க் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளும், தெருவில் வெறும் தோளோடு வர வேண்டும். வேலையேகூடப் போகலாம். அவர் பயம் அவருக்கு.

கேள்வி போய்விட்டது. கேட்டவரே விடுங்கள் என்று சொல்லிவிட்டார். நானும் மாத்திரையை வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் இத்தனை மாசம் அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் திறந்தது. அவர் காலைத் தட்டிவிட்டேன்.

"நீங்க கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல டாக்டர். எங்க வூட்டுல துப்பாக்கி கீது. ஒண்ணு. இவரு பேங்க் காவக்காரரு. நான் படுக்கிற ரூம்ல, பீரோவுக்குப் பக்கத்துலதான் மாட்டி வெக்கிறாரு."

"ஏய் சரசு," என்றார் இவர்.

"நீ சும்மா இரு. அன்னிக்கி இன்னொண்ணும் கேட்டீங்களே டாக்டர், தோணுதான்னு. தோணுது. அந்த ரூம்ல படுத்தா கண்ணு அது மேலயே போவுது. அதுக்கு பயந்துகினுதான் எழுந்து போய் கன்னுங்களாண்ட உக்கார்றேன்."

டாக்டர் சீட்டைக் கீழே வைத்துவிட்டார். இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். "எவன் சிரிச்சாலும் சிரிக்கட்டும். வேல போனா போவட்டும். ரெண்டு மாடு கீது, கஞ்சி ஊத்த நான் கீறேன். அது இனிமே என் வூட்டுக்கு வரக் கூடாது" என்று சொல்லி முடித்தேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். அங்கே இவர், "என்னாண்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

"டாக்டரு தப்பாவோ சரியாவோ கேட்டாரு. நீ கேக்கவே இல்லியே" என்றேன்.

மறுநாள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். மேனேஜரிடம் என்ன சொன்னாரோ தெரியாது, வேலை போகவில்லை. சாயந்திரம் வெறும் தோளோடு சைக்கிளில் வந்தார். எதிர்வீட்டு குப்புராஜ் வம்புக்கென்றே காத்துக்கொண்டிருந்த மாதிரி, "இன்னாண்ணா, துப்பாக்கிய புடுங்கிக்கினாங்களா?" என்றான்.

"பேங்க்ல கீது. உனக்கு இன்னா?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே வந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நான் தவிடு கலந்துகொண்டிருந்த இடத்துக்கே வந்து, அந்த ஈரத் தரையில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கி எப்டி கீற சரசு?" என்று கேட்டார்.

"நல்லா இல்ல" என்றேன். அவர் எழுந்து போகவில்லை.