இடதுபக்கம் பார்த்த மாப்பிள்ளை

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவர்கள் ஸ்டூடியோவுக்குள் வந்தபோது நான் திரையில் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையை அன்னப்பறவையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். பெரியபிள்ளையான சடங்கு, சாமத்தியவீட்டு வீடியோ. அன்னம் அவர்களுடையது, புகை மட்டும் நான் போட்டது. வாசலில் சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு நின்ற இரண்டு பேரையும் பார்த்தபோது, பெயர்கள் ஞாபகம் வருவதற்கு முன்னால் நேரம் ஞாபகம் வந்தது. நாற்பத்தோராவது நிமிடம், ஏழாவது செக்கன். தாலி.

நிர்மலகாந்தன், சுகிர்தா. போன ஆவணியில் ஸ்காபரோவில் நடந்த கலியாணம். அவருக்கு நாற்பத்தாறு வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், ஏற்கெனவே ஒருமுறை கட்டிப் பிரிந்தவர். அவளுக்கு முப்பத்தொன்று. படிக்க வந்த விசா முடிய மூன்று மாதம் இருந்தபோது கழுத்தை நீட்டினாள். மனைவியென்று அவர் அவளை நிரந்தர விசாவுக்கு ஸ்பொன்சர் செய்திருந்தார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமென்றால், எடிற் செய்யும்போது மைக்கில் விழுகிற பந்திப் பேச்சையும் கேட்பவன் நான். கலியாண வீட்டில் மேடையில் இருப்பவர்களைத் தவிர மற்ற எல்லோரும் உண்மை பேசுவார்கள்.

கிழமை நாட்களில் கல்லூரி, சனி ஞாயிறில் இந்த வேலை. இதுவரை நூற்றுப் பன்னிரண்டு கலியாணங்களை வெட்டி ஒட்டியிருக்கிறேன். இவ்வளவு பார்த்தவனுக்குத் தன்னைப்பற்றி ஓர் அபிப்பிராயம் வந்துவிடும். எது விருப்பம், எது கடமை, எது காகிதத்துக்காக என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன் என்று நம்பினேன். இவர்களுடையதில் மாப்பிள்ளை பெண்ணை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. ஒன்பது தரம் இடதுபக்கம் பார்த்தார், தாலி கட்டும்போதுகூட. அந்தப் பக்கம் மண்டபத்தின் அவசர வழிக் கதவு இருந்தது.

இப்படியான சந்தேகங்களை எழுதி அனுப்புவதற்குக் குடிவரவுத் திணைக்களம் ஒரு படிவம் வைத்திருக்கிறது. பெயர் தரத் தேவையில்லை. நான் கோபத்தில் எழுதவில்லை, நாட்டுப்பற்றிலும் எழுதவில்லை. அன்றைக்கு வெளியே மழை, கணினி வீடியோவை எழுபது வீதம் முடித்துவிட்டு நின்று யோசித்துக்கொண்டிருந்தது, கல்லூரிச் சஞ்சிகையில் நையாண்டிப் பத்தி எழுதுகிற கை சும்மா கிடந்தது. ‘அவர் மணந்தது பெண்ணையா, அவசர வழியையா என்று சொல்வது கடினம்’ என்று ஒரு வசனம் விழுந்தது. எனக்கு அதை மிகவும் பிடித்துவிட்டது. அழிக்க மனம் வரவில்லை. அனுப்பினேன்.

“தம்பி, எங்கள ஞாபகமிருக்கோ?” என்றார் நிர்மலகாந்தன்.

“ஓம் அண்ணை. ஆவணி இருபத்தாறு.”

“பாத்தீங்களே, வீடியோக்காரப் பெடியன் திகதி சொல்லுறான்,” என்று சுகிர்தா அவரை இடித்தாள். “இவர் குடிவரவு இன்ரவியூவில முழிச்சவர் தம்பி. கட்டில்ல எந்தப் பக்கம் படுக்கிறனியள் எண்டு கேட்டவை. ‘நான் விடிய நாலு மணிக்கு பஸ் எடுக்கப் போறன், எங்க படுக்கிறது’ எண்டு சொன்னவர். அந்த அதிகாரி மனுசி அதையும் எழுதினவ.”

“உண்மையத்தானே சொன்னனான்.”

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். “ஆரோ எழுதிப் போட்டிருக்கினம். கலியாணம் பொய்யாம். இந்த மாசத்துக்குள்ள ஆதாரம் குடுக்காட்டி இவவத் திருப்பி அனுப்பிப்போடுவினம்.”

“என்ன கேட்டவை?” என்றேன்.

சுகிர்தா பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தாள். கேள்விகளை மறந்துபோக முன்னம் எழுதி வைத்திருந்தாள். “ஒரு காகிதத்தப் பாத்து வாசிச்சவ. தாலி கட்டேக்க உன்ர மனுசன் ஏன் கதவப் பாத்தவர்? அவர் கட்டினது உன்னையோ, அவசர வழியையோ?”

நான் எழுதியது ஆங்கிலம். அதை அதிகாரி வாசித்து, மொழிபெயர்ப்பாளர் தமிழாக்கி, இவள் கொப்பியில் இறக்கி, இப்போது எனக்கு வாசிக்கிறாள். இத்தனை வாய் மாறியும் வசனம் பழுதாகவில்லை. என் உள்ளங்கை மட்டும் மேசையில் ஒட்டிக்கொண்டது.

“எழுதினவன் நல்லாப் படிச்சவன்,” என்றார் நிர்மலகாந்தன், கொஞ்சம் மரியாதையாகவே.

“நாசமாப் போவான்,” என்றாள் சுகிர்தா, தேத்தண்ணிக்குச் சீனி கேட்பதுபோல.

ஒன்பது தரம் எண்ணியவன் ஒருதரமாவது கேட்டிருக்கலாம். இப்போதுதான் கேட்டேன். “ஏன் அண்ணை அந்தப் பக்கம் பாத்தனீங்கள்?”

“மாமியை, இவவின்ர அம்மாவத்தான். ஊரில, முள்ளியவளையில இருந்து போன்ல பாத்துக்கொண்டிருந்தவ. கதிரையில போன நிமித்தி வச்சனாங்கள். லைன் விட்டு விட்டு வந்தது. கட்டிற நேரம் மாமின்ர படம் நிண்டுபோச்செண்டால் என்ன செய்யிறது? அதுதான்.”

“அம்மா தையில செத்துப்போனா,” என்றாள் சுகிர்தா. “மார்கழியில முடியவேண்டிய விசா அலுவல் தம்பி. விசாரணை வந்து நிண்டுபோச்சு. வெளிக்கிட்டா திரும்பி வரேலாது எண்டு லோயர் சொன்னவர். செத்தவீட்டுக்குப் போகேல்ல.” கொப்பியை மூடினாள். “அந்தக் கதிரை வாற துண்டு உங்களிட்ட இருக்கோ? எல்லாம் வடிவாப் பாத்தனான் பிள்ளை எண்டு அம்மா சொன்னவ. அது தெரிஞ்சாக் காணும்.”

இருந்தது. இரண்டாவது கமெராவில் அந்தக் கதிரை வந்த இடங்களையெல்லாம் அசிங்கமாக இருக்கிறதென்று நான்தான் வெட்டியிருந்தேன். வன்தட்டைச் செருகினேன். இருவரும் கதிரைகளை இழுத்து எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஈரக் கம்பளி வாசனை வந்தது.

இடதுபக்கம், வெள்ளை உறை போட்ட கதிரை. அதில் பூப்பெட்டியில் சாய்த்து வைத்த போன். அதற்குள் நகத்தளவு ஒரு முகம். மாப்பிள்ளை பார்க்கிறார், முகம் அசைகிறது, தலையாட்டிவிட்டுத் திரும்புகிறார். பிறகும் பார்க்கிறார். ஒருதரம் வாயசைத்து “கேக்குதோ” என்கிறார். இதைவிடப் பெரிய ஆதாரத்தை எந்தத் திணைக்களமும் கேட்காது.

கெட்டிமேளம் தொடங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். பருத்த மனிதர் ஒருவர் மட்டும் இடம் தேடி வந்து, போனைத் தூக்கி, அந்தக் கதிரையில் உட்கார்ந்து, அதை மடியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டார். தாலியோடு நின்ற மாப்பிள்ளை இடதுபக்கம் பார்த்தார். கண் தேடியது.

“உவர் ஆர்?” என்றார் நிர்மலகாந்தன்.

“உங்கட பெரியப்பான்ர சம்பந்தி,” என்றாள் சுகிர்தா.

அவள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

“அப்ப அம்மா பாக்கேல்ல,” என்றாள் சுகிர்தா. “கட்டேக்க நீ குனிஞ்சுகொண்டு இருந்தனி பிள்ளை, லட்சுமி மாதிரி எண்டு சொன்னவ. நான் நிமிந்தெல்லே இருக்கிறன்.”

திரையில் அவள் நிமிர்ந்துதான் இருந்தாள்.

“இது காணும் தம்பி,” என்றார் நிர்மலகாந்தன். “இத எடுத்தது இந்த ஸ்டூடியோதான் எண்டு உம்மட பேரப் போட்டு ஒரு கடிதமும் தாரும். கொலிச்சில படிக்கிறீர், எழுத வருமெல்லே?”

“வரும் அண்ணை.”

வெறும் பக்கம் ஒன்றைத் திறந்தேன். மேலே என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே கர்சர் கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. சுகிர்தா என்னைக் கேட்காமலே மவுசை எடுத்து, வீடியோவை ஒரு நிமிடம் பின்னால் இழுத்து ஓடவிட்டாள்.

மேளம். எல்லாக் கைகளும் உயர்ந்தன. வாழ்த்தி வீசியதில் மேடைவரை போகாத அறுகரிசி பருத்த மனிதரின் மடியில் விழுந்தது, மல்லாந்து கிடந்த போனின் வெளிச்சத்தில் ஒவ்வொரு மணியாகத் தெறித்தது. முள்ளியவளையில் இருந்த அந்தத் தாய்க்கு மேலிருந்து, முகத்தை நோக்கி, வெள்ளையாய் ஏதோ விழுந்துகொண்டே இருந்திருக்கும்.