தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம்

"இன்னொரு தபா தட்டு தூக்கிகினு எவன் முன்னாடியும் நிக்கமாட்டேன்மா" என்று மதிவதனி சொல்லிவிட்டாள். முப்பத்துமூன்று வயது. அம்பத்தூர் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. இதுவரை ஆறு பேர் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழாவது வரன் வருவதாக இருந்தது.

"அப்ப எங்கதான்டி பாப்ப?" என்றாள் அம்மா கன்னியம்மா.

"நம்ம புத்தர் கோயிலுக்கு வரச்சொல்லு."

கூவம் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்தக் கோயில். ஆயிரம் வருடத்துக் கற்சிலை என்பார்கள். வயலில் கவிழ்ந்து கிடந்ததை நிமிர்த்தி, பழைய செங்கல் மேடையிலேயே வைத்துச் சுவர் எழுப்பியவர்கள் பூந்தமல்லிப் பக்கத்துக் கூலிக்காரர்கள். மதிவதனியின் அப்பாவும் அதற்குக் கல் சுமந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முதலிலேயே போய்விட்டாள். எதிர்க்கரையிலிருந்து கோயிலுக்கு வரும் தரைப்பாலம் முந்தைய நாள் மழையில் மூழ்கிக் கிடந்தது. பத்து மணிக்கு எதிர்க்கரையில் ஒரு பைக் வந்து நின்றது. திருநின்றவூரிலிருந்து வந்த செல்வகுமார். மின்சார ரயில்களைப் பழுதுபார்க்கும் அண்ணனூர் கார் ஷெட்டில் ஃபிட்டர். அவள் போன் அடித்தது.

"நான்தாங்க. பச்ச சட்ட."

"தெரியுது."

"தண்ணி பாலத்து மேல போவுது."

"அதுவும் தெரியுது."

இரண்டு கரையிலும் சிரிப்பு.

"வேற நாள் பாத்துக்கலாமா?" என்று அவளே கேட்டாள்.

"கொஞ்சம் இருங்க. பருத்திப்பட்டு பாலம் வழியா சுத்தி வரேன்."

பைக் திரும்பிப் போனது. அவள் புத்தர் முன் உட்கார்ந்தாள். சிலைக்கு மூக்கு உடைந்திருந்தது. மடியில் வைத்த கைகள் மட்டும் சேதமில்லாமல் இருந்தன. முக்கால் மணி நேரம் போயிற்று. வரமாட்டான் என்று நினைத்தாள். அதற்காக வருத்தப்படுகிறோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

முழங்கால்வரை சேறோடு வந்து சேர்ந்தான் செல்வகுமார்.

"இவரக் கும்புடணுமா, சும்மா உக்காரலாமா?"

"சும்மா உக்காரலாம்."

அவளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். சிலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு வலது காது கேக்காதுங்க. சின்ன வயசுல வந்த காய்ச்சல். ஊட்ல சொல்லாதன்னாங்க. மறைச்சிட்டு உங்க கூட எப்பிடிப் பேசறது?"

மதிவதனி அவனுக்கு வலப்பக்கம் இருந்தாள். எழுந்துபோய் இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

"இப்ப கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

அம்மாவிடமிருந்து போன் வந்தது. "இன்னாடி ஆச்சு? எப்ப வருவ?"

"இப்பதாம்மா பேச ஆரம்பிச்சிருக்கோம். நீ சாப்ட்டுடு, எனக்கு லேட் ஆவும்."