மேனேஜர் முகத்தில் மண்

ஓய்வு பெற்ற பிறகும் அடுக்குமாடிக் கட்டிடம் முழுக்க அவரை மேனேஜர் என்றே அழைத்தது. வேறெப்படி அழைத்தாலும் அவர் திரும்ப மாட்டார்.

அவருடைய மனைவி வீட்டிலேயே அழகுப் பொருட்கள் செய்பவள். களிமண் பொடியை மாவுபோலச் சலித்து, பன்னீர் விட்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் மரக் கரண்டியால் குழைப்பாள். எதிர்வீட்டு டீச்சர்தான் முதல் வாடிக்கை. அவர் வாங்க வரும்போதெல்லாம் மேனேஜர் மாடி முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பார்.

“ஏங்க டீச்சர், மண்டைக்குள்ள இருக்கிற களிமண் போதாதுன்னா மேலயும் பூசிக்கிறீங்க?”

“எங்களுக்கு வெளியில வாங்கித்தான் ஆகணும் சார். உங்களுக்கு உள்ளயே ஸ்டாக் இருக்கு.”

அன்று மேனேஜரின் அண்ணன் வருவதாக இருந்தது. அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பின்னால் பதவியைப் போடவில்லை என்று சாப்பிடாமலே மண்டபத்தை விட்டு எழுந்து வந்தவர் மேனேஜர். அதோடு பேச்சு நின்றுபோனது. இப்போது அண்ணன் அந்த மகளோடு இருக்க, ஒரேயடியாக வெளிநாடு போகிறார். “ரிட்டயர் ஆயிட்டியாமே, வீட்லதான இருப்ப? விமானம் ஏறுறதுக்கு முன்னாடி நாலு மணிக்கு வந்து பாத்துட்டுப் போறேன்” என்று அவர்தான் போன் செய்தார். முதலில் இறங்கி வந்தது அண்ணன்தான் என்பதை மேனேஜர் மனைவிக்குப் பலமுறை நினைவூட்டினார்.

ஆனால் கண்ணாடியில் அந்த வெற்றிக்குப் பொருத்தமான முகம் இல்லை. கண்ணுக்குக் கீழே பை, கன்னத்தில் கருமை. தன்னைப் பிரிந்து வாடிப்போனான் என்று அண்ணன் நினைத்துவிட்டால்?

மனைவி கடைக்குப் போனதும் கிண்ணத்தை எடுத்தார். மெல்லிசாகப் பூசி, முழுக்கக் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும் என்று அவள் எல்லோரிடமும் சொல்வதைக் கேட்டிருக்கிறார். அதெல்லாம் சாதாரண ஆட்களுக்கு. எலுமிச்சம்பழம் ஒன்றை முழுதாகப் பிழிந்துவிட்டு, கொத்தனார் போலக் கனமாக அப்பிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். எரிந்தது. வேலை செய்கிறது என்று திருப்திப்பட்டார்.

மூன்றரைகூட ஆகவில்லை, அழைப்பு மணி அடித்தது.

“டேய் உருண்ட, நான்தான்டா! வண்டி சீக்கிரம் கெடச்சிடுச்சு.”

அவரை உருண்டை என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பது ஒரே ஆள். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. குழாயடிக்கு ஓடித் தேய்த்தார். இறுகிய மண் அவசரத்துக்கு இளகவில்லை. போகட்டும், அண்ணன்தானே, சிரித்தால் சிரிக்கட்டும் என்று தாழ்ப்பாளில் கை வைத்தார். அப்போது எதிர்க்கதவு திறந்தது.

“சார் உள்ளதான் இருக்காரு. இப்பதான் ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சு” என்றார் டீச்சர்.

கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. கதவின் லென்ஸ் வழியாகப் பார்த்தார். அண்ணன் ரொம்ப இளைத்திருந்தார். காலருக்குள் கழுத்து தொளதொளவென்று ஆடியது. பக்கத்தில் டீச்சர், உதவி செய்யாமல் நகர்வதில்லை என்ற உறுதியோடு. உள்ளே போய்த் தொலையேன் தாயே என்று மேனேஜர் மனத்துக்குள் கெஞ்சினார்.

“நான் வேணா கூப்பிடறேன். சார்! மேனேஜர் சார்!”

“வேணாம்மா.” அண்ணன் லென்ஸை நேராகப் பார்த்தார். “அவனுக்கு இன்னும் மனசு ஆறல போல. விடுங்க.”

லிஃப்ட் இறங்கியது. மண்ணைச் சுரண்டி எடுத்து, தக்காளியாகச் சிவந்த முகத்தோடு மேனேஜர் கீழே ஓடியபோது தெருவில் வண்டி இல்லை. மனைவிதான் பையோடு வந்துகொண்டிருந்தாள்.

“உங்கண்ணன இப்பதான் முனையில பாத்தேன். நீங்க ஏதோ அவசரமா வெளிய போயிட்டீங்களாமே, சொன்னாரு. ஏங்க, மூஞ்சிக்கு என்ன ஆச்சு?”

மேனேஜர் போனை எடுத்தார். நடந்ததை அப்படியே சொல்லிவிட வேண்டியதுதான். மண், எலுமிச்சம்பழம், டீச்சர், எல்லாவற்றையும். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். சிரித்த கையோடு வண்டியைத் திருப்பச் சொன்னாலும் சொல்வார்.

“வெளிய போயிருந்தியா?” எடுத்தவுடனே அண்ணன் கேட்டார்.

மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஆமாண்ணே” என்றார் மேனேஜர். “ஆபீஸ்ல திடீர்னு கூப்பிட்டுட்டாங்க. நான் இல்லாம அங்க ஒண்ணும் ஓடல.”

அந்தப் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.

“அதானே” என்றார் அண்ணன். “சரிடா. உடம்பப் பாத்துக்கோ.”

எந்த ஆபீஸ் என்று அவர் கேட்கவே இல்லை.