வலைக்குள் இரண்டு பூ

கிணற்றடியில் முனியாயி அலறியபோது செவந்தி கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"இங்கிட்டு வந்து பாருங்கடி! எந்தப் படுபாவியோ செய்வினை வச்சிருக்கான்! வெள்ளை முடிச்சு, செவப்பு நூலு! அதான் எந்தம்பி அம்பத்திநாலு வயசுல போயிட்டான்!"

செவந்திக்குத் தெரியும், அது செய்வினை இல்லை. அவள் கணவன் எழிலரசன் முந்தாநாள் சாயங்காலம் தன் கையால் கட்டியது. யாரோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த வலைப்பைகள்.

பந்தல் போட இடம் வேண்டுமென்று கள்ளிச்செடித் தொட்டிகளைக் காலையிலேயே கிணற்றடிக்கு நகர்த்திவிட்டார்கள். அவற்றில் இரண்டு, முள்ளே இல்லாத நட்சத்திரக் கள்ளிகள். கீரனூரிலிருந்து திருச்சிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த மனிதர், ஆறு வருஷத்துக்கு முன் விதை வாங்கி வந்து முளைக்க வைத்தவை. ஒரு செடியின் மகரந்தம் அதற்கே சேராது, இரண்டும் சேர்ந்து பூக்க வேண்டும். இந்த வருஷம்தான் பூத்தன. ஒன்று நேற்று விரிந்தது. மற்றது இன்று மத்தியானம் விரியும்; இரண்டின்மேலும்தான் அந்த வலைப்பைகள். நாளைக்கு முதல் பூ வாடிவிடும்.

"தேனீ நொழஞ்சா பக்கத்து வேற ஜாதிக் கள்ளியோட மகரந்தத்த ஒட்டிரும். அப்பறம் மொளைக்கிறது என்ன ஜாதின்னே தெரியாது. தாய் மாதிரியே புள்ள வேணும்னா நாமதான் பிரஷ்ஷால தொட்டு வைக்கணும்" என்றார் நேற்று.

"நாள் பாத்து வளைகாப்பும் போட்டுருவோம்" என்று இவள் நொடித்தாள். அதுதான் கடைசிப் பேச்சு. விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பெரியாஸ்பத்திரி போய்ச் சேருமுன் போய்விட்டார்.

மணி பன்னிரண்டு. மாலைகள் குவியக் குவியத் தேனீக்களும் வந்துவிட்டன. சம்பங்கியில் இரண்டு, ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் ஒன்று. செவந்தி அழுததைவிட அவற்றைப் பார்த்துப் பயந்ததுதான் அதிகம். புருஷன் கிடக்கும்போது பூவை நினைக்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. எழுந்து போகவும் முடியவில்லை. ஆள் மாற்றி ஆள் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

"தொட்டியோட தூக்கிக் கொளத்துல போடுங்கப்பா!" மறுபடியும் முனியாயி.

செவந்தி உதறிக்கொண்டு எழுந்தாள். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த சட்டை மூலையில் கிடந்தது. அதன் பையிலிருந்த பிரஷ்ஷை உருவிக்கொண்டு ஓடினாள்.

ஒரு வலைப்பை கிழிந்து தரையில் கிடந்தது. நேற்று விரிந்த பூவுக்குள் ஒரு தேனீ. முனியாயியின் கை இரண்டாவது முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, கைய எடுங்க!"

"ஒனக்குத் தெரியாது செவந்தி, இது..."

"அவரு கட்டுனது! ஒங்க தம்பி கட்டுனது அண்ணி!"

முனியாயியின் கை அப்படியே நின்றது.

செவந்தி தேனீயை விரட்டினாள். அந்தப் பூவில் பிடிக்கும் விதை இனி என்ன ஜாதியோ, போனது போனதுதான். ஓரத்தில் தேனீ மிதிக்காத மகரந்தத்தைப் பிரஷ்ஷில் ஒற்றி எடுத்தாள். இரண்டாவது வலையைத் தளர்த்தி, இன்று விரிந்த பூவின் நடுவில் தடவினாள். சரியாகத்தான் செய்கிறோமா? அவர் சொன்னபோது பாதிதான் காதில் வாங்கினாள். இனிக் கேட்க ஆள் இல்லை. வலையை இழுத்து மூடி நூலைச் சுற்றினாள், முடிச்சு விழவேயில்லை.

"எடுக்கப் போறாங்க, வா" என்று யாரோ வந்து அவளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

பாடை கிளம்பியது. தெருமுனைவரை அழுதுகொண்டு வந்த பெண்களில் முனியாயி இல்லை. கூடப் பிறந்தவள் எங்கே என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு செவந்தி கிணற்றடிக்கு வந்தாள். கொளுத்தும் வெயிலில் முனியாயி தொட்டிமேல் முந்தானையை விரித்துப் பிடித்தபடி குந்தியிருந்தாள். வெளியே ஒரு தேனீ சுற்றிக்கொண்டிருந்தது.

"நீ முடிச்சுப் போடாமப் போயிட்ட" என்றாள், நிமிராமல்.

செவந்தி ஈரக் கையை அவள் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டு நூலைச் சுற்றினாள். முடிச்சு நழுவாமல் முனியாயி ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.