காய்க்காத கத்திரிச்செடி

ஒரு கத்திரிச்செடியைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. அதனால் அரை ஏக்கர் தக்காளி போயிற்று. முட்டாள்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

விரிஞ்சிபுரத்தில் எங்கள் நிலம். கத்திரிக்காய் ஆம்பூர் பிரியாணிக் கடைகளுக்குப் போகும். மார்கழியில் ஒரு செடி மட்டும் புதராக மண்டியது. இலையெல்லாம் பொடிப்பொடி, பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. பக்கத்து நிலத்து மூர்த்தி வரப்பில் நின்று, "இன்னா எலியாஸ், மலட்டுச் செடிக்குப் போய் தண்ணி கட்டறியே? புடுங்கிப் போடு" என்றான். என் மனைவி ரெனிட்டா மதியச் சாப்பாட்டோடு அப்போதுதான் வந்து நின்றாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். எங்களுக்குக் குழந்தை இல்லை.

மூர்த்தியின் நாக்கை இழுத்து அறுக்கலாம் போலிருந்தது. "இருக்கட்டும்யா, பச்சையா நல்லாத்தான இருக்கு" என்று சொல்லி, அவள் பார்க்கும்படி அந்தச் செடிக்கே இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

இரண்டு மாதத்தில் கத்திரியில் பாதி அப்படியே ஆயிற்று. பிறகு தக்காளிப் பூக்களும் மஞ்சளாக விரியாமல் பச்சையாகவே உப்பி நின்றன. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்கு ஓடினேன்.

"இது கிருமி. தத்துப்பூச்சி சாறு குடிச்சிட்டு செடிக்குச் செடி கொண்டுபோவுது. இப்ப தக்காளிக்கும் தாவிடுச்சு. மொத செடிய அன்னிக்கே புடுங்கியிருந்தா இவ்ளோ ஜாஸ்தி ஆயிருக்காது. இனிமேலாவது நோய் வந்த செடியெல்லாம் புடுங்கிடுங்க" என்றார் அங்கிருந்த அதிகாரியம்மா.

ரெனிட்டா வேலூரில் நர்ஸ். அவள் டியூட்டி முடிந்து வருவதற்குள் அந்த முதல் செடியைப் பிடுங்கிவிடலாம் என்று நிலத்துக்குத் திரும்பினேன். அவளோ லீவு போட்டுவிட்டு அந்தச் செடியின் முன்னால் நிற்கிறாள். வசமாக மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பவே ஏன் புடுங்கல? எனக்காகத்தான?"

தலையாட்டினேன்.

"மூர்த்தி சொன்னத மறுநாளே மறந்துட்டேன். நீங்க தெனம் இதுக்குத் தண்ணி வுடறதப் பாத்துதான் பேஜாரா இருந்துச்சு. இதப் பாக்கறப்பல்லாம் உங்களுக்கு என் ஞாபகம் வருதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு செடியின் அடியைப் பிடித்தாள். அசையவில்லை. நான் விட்ட தண்ணீரில் வேர் நன்றாக ஓடியிருந்தது.

"பாத்துனு நிக்கறீங்களே, புடிங்க."

இருவருமாக இழுத்தோம். வேரோடு வந்தது. சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தோம். அவள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "அடுத்தது எது?" என்று கேட்டாள்.