பதினைந்தாம் கதவு

அடுத்தவள் பொருளைப் பார்த்து வரும் பொறாமையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தன் பொருள் அடுத்தவள் மடியில் உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்து வருகிறதே, அதற்குத்தான் மருந்து கிடையாது. மலர்விழிக்கு வந்தது அந்த ரகம்.

புதுச்சத்திரம் பக்கத்தில் ரோட்டோர வீடு. அண்ணனும் தம்பியும் ஒரே லாரியில் போனார்கள். கிளம்பினால் பதினைந்து நாளுக்கு முகம் தெரியாது. அதனால் வீட்டில் எப்போதும் இருப்பது மூன்றே பேர்: அண்ணன் மனைவி மஞ்சுளா, தம்பி மனைவி மலர்விழி, மலர்விழி பெற்ற அகல்யா. மஞ்சுளாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. மலர்விழிக்கு நாமக்கல்லில் முட்டை குடோனில் வேலை. காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தால் வீடு திரும்ப மாலை ஏழாகும். இடையில் அகல்யாவுக்குத் தலை பின்னுவது, சோறு ஊட்டுவது, யூ.கே.ஜி. வீட்டுப்பாடம் எழுத வைப்பது எல்லாம் பெரியம்மாதான்.

நவம்பர் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணும் காகிதக் காலண்டர் ஒன்றை வீட்டிலேயே செய்ய வேண்டும். அதில் இருபத்து நாலு சின்னக் கதவுகள். டிசம்பர் ஒன்றிலிருந்து நாளுக்கு ஒரு கதவைப் பிள்ளை திறக்க வேண்டும், உள்ளே ஏதாவது ஒரு சின்னப் பொருள் இருக்க வேண்டும். அந்த வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் பள்ளிக்கூட லீவு, பேக்கரிக் கேக், அவ்வளவுதான். இருந்தாலும் டீச்சர் சொன்னால் சொன்னதுதான்.

இதையாவது நான் செய்வேன் என்று மலர்விழி கச்சை கட்டிக்கொண்டு இறங்கினாள். குடோனிலிருந்து ஒரு முட்டை அட்டை கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு மிட்டாய் போட்டு, மேலே வண்ணக் காகிதம் ஒட்டி, நம்பர் எழுதினாள். அகல்யா விரலை வைத்து எண்ணிப் பார்த்தாள்.

"அம்மா, இதுல முப்பது இருக்குது."

ஆறு வருடமாக முட்டை அடுக்கிய கை. அட்டையில் ஒரு குழி காலியாக இருந்தால் அங்கே ஒரு முட்டை உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கைக்கு இருபத்து நாலோடு நிற்கத் தெரியவில்லை.

மஞ்சுளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "முப்பதாந் தேதியே கிறிஸ்மஸ் வெச்சுக்கலாம் மலரு. ஏசுசாமி ஒண்ணும் சொல்லாது."

கிண்டலில் விஷம் ஒன்றும் இல்லை. ஒரு வரிசையை வெட்டி எறிந்திருந்தால் கணக்கும் நேராகியிருக்கும். ஆனால் மலர்விழி கத்திரிக்கோலைத் தேடி எடுப்பதற்குள் குழந்தை பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க செய்ங்க பெரிம்மா" என்று சொல்லிவிட்டாள். கத்திரிக்கோலும் கைமாறியது.

மஞ்சுளா பரணிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளை இறக்கினாள். சாமி படம் போட்ட பத்திரிகையைக் குப்பையில் போட யாருக்கு மனம் வரும்? பத்து வருடப் பத்திரிகை அங்கே குவிந்து கிடந்தது. பிள்ளையார் படத்தைக் குறுக்கே வெட்டக் கூடாது என்று சுற்றிச் சுற்றி வெட்டினாள். முடிந்தபோது இருபத்து நாலு கதவிலும் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். பின்னால் சின்னச் சின்னக் காகிதப் பை. மஞ்சள் தடவிய ஓரங்களும் தங்க எழுத்துமாக, ஏசு பிறப்பதற்குப் பிள்ளையாரே பந்தல்கால் நட்டதுபோல இருந்தது அந்தக் காலண்டர்.

போட்டோ பள்ளிக்கூடத்து வாட்ஸப் குரூப்புக்குப் போனது. டீச்சர் பதில் போட்டாள்: "அகல்யா மதர் சூப்பர்." குடோனில் நின்றபடி மலர்விழி அதைப் படித்தாள். பக்கத்தில் வேலை செய்த சௌந்திரம் எட்டிப் பார்த்து, "நீ செஞ்சதா? கெட்டிக்காரிதான் போ" என்றாள். இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வயிறு மட்டும் எரிந்தது.

அதன்பிறகு தினமும் எரிந்தது. அகல்யா பள்ளி வேனிலிருந்து இறங்கியதும் ஐந்து மணிக்குக் கதவு திறக்கும். மலர்விழி வரும்போது அது திறந்து தொங்கிக்கொண்டிருக்கும்.

"இன்னைக்குக் கதவுக்குள்ள என்ன இருந்துச்சு சாமி?"

"கடலை முட்டாய். தின்னுட்டேன்."

இன்னொரு நாள் பொட்டு. இன்னொரு நாள் பாசிமணி. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் குழந்தையின் முகம் எப்படி மலர்ந்திருக்கும்? அதைப் பார்த்தவள் மஞ்சுளா. பெற்றவளுக்குக் கிடைத்தது தொங்குகிற காகிதக் கதவு.

பதினாலாம் தேதி, "நாளைக்குப் பெருசா ஒண்ணு இருக்குது கண்ணு" என்று மஞ்சுளா சொல்லிவைத்தாள். குழந்தை தூக்கத்திலும் பதினைந்து பதினைந்து என்று முனகினாள். பக்கத்தில் படுத்திருந்த மலர்விழிக்கு அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது.

விடிந்து மஞ்சுளா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, மலர்விழி பதினைந்தாம் கதவின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். உள்ளே பட்டாம்பூச்சி வைத்த இரண்டு கிளிப்புகள். எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பசை தடவிக் கதவை மூடினாள். பிள்ளையார் முன்போலவே உட்கார்ந்திருந்தார்.

திட்டம் சுலபம். அரை நாள் லீவு. பேக்கரியில் கிரீம் கேக். ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து ஒன்றுமில்லை என்று குழந்தை அழும். பெரியம்மா ஏமாற்றிவிட்டாள் என்று முகம் திருப்பும்போது அம்மா கேக்கோடு நிற்பாள். இதில் தப்பென்ன, என் பிள்ளைதானே என்று வழியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டு ஸ்கூட்டியை ஓட்டினாள்.

ஐந்து மணிக்கு எல்லாம் அவள் நினைத்தபடிதான் நடந்தது. அகல்யா கதவைத் திறந்தாள். விரலை விட்டுத் துழாவினாள். இன்னொரு முறை துழாவினாள். உதடு பிதுங்கியது, பிறகு வீடே அதிரும்படி அழுகை. மலர்விழி கேக் பெட்டியைத் திறந்து, "இங்க வா சாமி, அம்மா என்ன வாங்கியாந்திருக்கறேன் பாரு" என்று கையை நீட்டினாள்.

குழந்தை அவளைத் தாண்டி ஓடி மஞ்சுளாவின் மடியில் விழுந்தாள்.

யார் ஏமாற்றிவிட்டாள் என்று நினைக்க வேண்டுமோ, அவள் மடியிலேயே போய் அழுதாள். மஞ்சுளா ஒரு கணம் காலண்டரைப் பார்த்து விழித்தாள். பிறகு குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, "பெரிம்மா மறந்துட்டேன் சாமி. வெக்கவே இல்ல. என்ற தப்புத்தான்" என்றாள். வைத்ததை வைக்கவில்லை என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, மலர்விழி கேக் பெட்டியோடு நின்றாள். கிரீம் கட்டை விரலில் ஒட்டியிருந்தது.

அழுத அசதியில் அகல்யா உள்ளறையில் தூங்கிப்போனாள். விளக்கு வைக்கும் நேரம். மஞ்சுளா சமையல்கட்டில் அவரைக்காய் உரித்துக்கொண்டு, "எலி இழுத்துட்டுப் போயிருக்குமா மலரு? நேத்துத்தான் என்ற கையால வெச்சேன்" என்றாள்.

மலர்விழி கைப்பையைத் திறந்து கிளிப்புகளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"எலி இல்லீங்க்கா. நாந்தான்."

மஞ்சுளா கிளிப்புகளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று மலர்விழி எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. மஞ்சுளா இன்னும் நாலு காயை உரித்தாள்.

"ஆடி மாசம் உனக்குக் காச்சல்னு மூணு நாள் ஊட்டுல இருந்தியே," என்றாள். "அந்த மூணு நாளும் எனக்குச் சோறு எறங்கல. புள்ள எங்கிட்ட வரவே இல்ல. நீ எப்ப எந்திரிச்சு வேலைக்குப் போவேன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன். உனக்கு ஒடம்பு நல்லாகோணும்னு இல்ல."

மஞ்சுளா காய் உரிப்பதை நிறுத்தவில்லை.

"இந்தக் காலண்டரும் அவ எங்கிட்ட வரோணும்னுதான். அஞ்சு மணிக்கு ஓடியாருவா, கதவத் தெறப்பா. உன்ற வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், கையில இருக்கறதப் போட்டுட்டு வாசலுக்கு ஓடிருவா. நா கூப்புட்டாலும் திரும்பமாட்டா. தெனமும் பாக்கறேன்."

உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டதும் மலர்விழிக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது. வந்தபோது காது வரைக்கும் சுட்டது.

உள்ளறையிலிருந்து, "அம்மா" என்று ஒரு தூக்கக் குரல் கேட்டது.

மஞ்சுளா மடியிலிருந்த காய்களைக்கூடப் பார்க்காமல் பாதி எழுந்துவிட்டாள். அவை தரையில் சிதறின. எழுந்த பிறகுதான் கூப்பிட்டது யாரை என்பது அவளுக்கு உறைத்தது. மெதுவாகத் திரும்ப உட்கார்ந்து, "போ மலரு, உன்னயத்தான்" என்றாள்.

மலர்விழிக்குக் கால் துடித்தது. தன்னைத்தான் கூப்பிடுகிறாள். அழுததெல்லாம் முடிந்து, கண் விழித்ததும் தன்னைத்தான் தேடுகிறாள். இதற்காகத்தானே இத்தனை நாள் வெந்தாள்.

"நீங்க போங்க்கா," என்றாள். "கிளிப்பையும் கொண்டுபோயி வெச்சு உடுங்க. ஞாபகம் வந்துருச்சுன்னு சொல்லுங்க."

மஞ்சுளா நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு இவள் மனம் மாறிவிடுமோ என்று பயந்தவள்போலக் கிளிப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

உள்ளே குழந்தை சிரிப்பது கேட்டது. மலர்விழி சிதறிய அவரைக்காயைப் பொறுக்க ஆரம்பித்தாள். வயிறு எரிந்தது. எரியட்டும் என்று எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.