கங்கப்பன் கொண்டுவந்த ஆயில்

தெருவில் அவர்களைக் கிண்டலாக 'ஃபியட் சங்கம்' என்பார்கள். சங்கத்துக்குத் தலைவரும் கிடையாது, பெயர்ப் பலகையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரகாசம் மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து, வெள்ளை வேட்டியைக் கழற்றிவிட்டுப் பிசுக்கேறிய பழைய பேண்ட்டை மாட்டினால் கூட்டம் ஆரம்பம். வெங்கடப்பன் வேப்பனப்பள்ளியிலிருந்து வருவான், மாந்தோப்புக்காரன். கங்கப்பன் ஓசூரிலேயே ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு வளைக்கும் பிரஸ் ஓட்டுகிறவன், மூவரில் இளையவன். மூன்று பேரிடமும் ஒரே மாதிரி பழைய ஃபியட், நாலைந்து கை மாறி வந்தது. மெக்கானிக் ஷெட்டில் விட்டால் வண்டியோடு சேர்த்து நம்மையும் பிரித்துப் போட்டுவிடுவான் என்பதுதான் சங்கத்தின் ஒரே கொள்கை.

வெயிலில் பெட்ரோல் பம்பு சூடேறி வண்டி நின்றுபோனால் ஈரத்துணி சுற்றலாம் என்றது வெங்கடப்பன். சைக்கிள் டியூபை வெட்டிக் கதவு இடுக்கில் ஒட்டினால் மழைத்தண்ணீர் உள்ளே வராது என்றது கங்கப்பன். பிரகாசம் லேத்தில் கை தேர்ந்தவன். தேய்ந்த பித்தளைப் புஷ் வளையத்துக்குப் பதில் புதிதாகக் கடைந்து கொடுப்பான். இப்படி ஒருவன் கண்டுபிடித்தது மறுவாரமே மூன்று வண்டியிலும் ஏறிவிடும். நல்லதும் ஏறும், கோணலும் ஏறும்.

முன்பு நாலாவதாக ஒருவர் இருந்தார், கிருஷ்ணப்பன். அவர் வண்டியின் இன்ஜின் பிளாக் விரிசல் விட்டபோது, ஓடாத வண்டி ஓடுகிற வண்டிக்குக் கொடுக்க வேண்டும் என்று முறை வகுத்தது பிரகாசம்தான். மூன்று பேரும் ஸ்பேனரோடு போனார்கள். டைனமோ பிரகாசத்துக்கு, ஒரு கதவு கங்கப்பனுக்கு, ரேடியேட்டர் வெங்கடப்பனுக்கு. கிருஷ்ணப்பனின் மனைவி நஞ்சம்மா வீட்டு வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாள். திரும்பும்போது, ஒரு டம்ளர் காபிகூடக் கொடுக்கவில்லையே என்று வெங்கடப்பன் சொல்ல, மற்ற இருவரும் சிரித்தார்கள். கிருஷ்ணப்பன் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை.

பிரகாசம் வேலை பார்த்த கம்பெனி கேட்டில் பூட்டுத் தொங்கி இரண்டாவது ஈஸ்டரும் போய்விட்டது. திறப்பார்கள் என்று சொன்ன தொழிற்சங்கத் தலைவர்களே வேறு வேலை தேடிக்கொண்டார்கள். அவன் மனைவி மேரிராணி மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரிக்குப் போய்வந்தாள். சீசன் முடிந்ததும் அதுவும் நின்றது. கல்லாவியில் இருக்கும் அவளுடைய அண்ணன், வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வந்துவிடுங்கள், காடு கழனி வேலை இருக்கிறது என்று ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மச்சான் வீட்டுச் சோற்றை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். பிரகாசம் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பினான்.

அப்போதுதான் ஒரு வாய்ப்பு வந்தது. பெங்களூரில் குடியிருந்துகொண்டு ஓசூர் கம்பெனிக்கு வந்துபோகும் கணக்கு அதிகாரி ஒருவர், தினம் அழைத்துவர ஒரு காரைத் தேடிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வா, ஒரு நாள் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார். அந்த ஒரு நாள் நன்றாகப் போனால் ஓசூரிலேயே இருக்கலாம். போகாவிட்டால் கல்லாவி. மேரிராணி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கார் சீட்டுக்குப் புது உறை தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கம் முழு மூச்சில் இறங்கியது. வெங்கடப்பன் தன் வண்டியின் நல்ல பேட்டரியைக் கழற்றி இதில் வைத்தான். பிரகாசம் கார்புரேட்டரைப் பிரித்து, தேய்ந்த தண்டுக்குப் தெரிந்த பட்டறை லேத்தில் புதிதாகப் புஷ் கடைந்து போட்டிருந்தான். இன்ஜின் தையல் மிஷின் போல் ஓடியது. பாக்கி பிரேக்தான். பழைய பிரேக் ஆயில் கருத்துப்போயிருந்தது. வாங்கி வைத்த புது பிரேக் ஆயில் டப்பாவை பிரகாசம் திறக்கப்போக, கங்கப்பன் தடுத்து, தன் வண்டியிலிருந்து ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஃபோர்மேனிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிய ஹைட்ராலிக் ஆயில், பிரஸ்ஸுக்கு ஊற்றுவது. தன் வண்டிக்கு என்று சேர்த்து வைத்திருந்தான்.

"அதெல்லாம் வேணாங்கண்ணா. இது எத்தனையோ டன் பிரஸ்ஸையே புடிச்சு நிறுத்துற ஆயிலு. உங்க வண்டிய நிறுத்தாதா? மொதல்ல உங்களுக்கு, அப்புறந்தான் எனக்கு."

பிரகாசத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரும்பையே வளைக்கிற சங்கதி ஆயிற்றே. மூன்று பேரும் மாறி மாறி பெடலை மிதித்துப் பழையதை வெளியேற்றிவிட்டுப் புதியதை நிரப்பினார்கள். பெடல் கல் மாதிரி நின்றது. மேரிராணி மூவருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்து, இந்த உதவியை மறக்கமாட்டேன் என்று கங்கப்பனிடம் சொன்னாள்.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பிப் போனபோது ஒரு குறையும் இல்லை. பெங்களூர் பொம்மனஹள்ளியில் அதிகாரி ஏறினார். சீட்டு உறையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். பிரகாசத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. அத்திப்பள்ளி நெருங்கும்போது வண்டி இழுக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தான். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. பிறகு கருகல் வாடை. மாநில எல்லையில் ஜூஜுவாடி செக்போஸ்ட் வரிசையில் நின்றபோது முன்சக்கரம் இரண்டிலிருந்தும் புகை வந்தது. லாரிக்காரர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். எவனோ டீக்கடைத் தண்ணீரை வாரி பிரேக் டிரம்மின் மேல் ஊற்ற, அது டமாரென்று வெடித்துப் பிளந்தது.

அதிகாரி திட்டியிருந்தால்கூடத் தேவலை. பரவாயில்லை, பழைய வண்டி அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். மறுநாளிலிருந்து அவருக்கு ஒரு வேன் வந்தது.

டிராக்டரில் கட்டி இழுத்துவந்து வண்டியைச் செங்கல்மேல் நிறுத்தி, பிரகாசம் சக்கரத்தைக் கழற்றினான். பிரேக்கின் ரப்பர் கப் ஊறிய சுண்டல் போல உப்பி, நகர இடமில்லாமல் உள்ளே இறுகிக் கிடந்தது. எல்லாச் சக்கரத்திலும் அப்படியே. அந்த ரப்பருக்கு பிரேக் ஆயில்தான் ஒத்துவரும். பிரஸ் ஆயில் ஆகாது. மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. டிரம், லைனிங், ஹோஸ் எல்லாம் போயிற்று.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, பாக்கி ஆயில் கேனோடு கங்கப்பன் வந்தான். தன் வண்டிக்கு ஊற்றிக்கொள்ளப் போகிற ஆள், அப்படியே இங்கே விசாரித்துவிட்டுப் போகலாம் என்று சந்தோஷமாக வந்தான். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல பிரகாசத்துக்கு மனசு வரவில்லை. சொல்லாமல் விடவும் முடியாது. உப்பிய கப்பை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். கங்கப்பன் அதை அழுத்திப் பார்த்தான், கேனைப் பார்த்தான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"நானுந்தானப்பா ஊத்துனேன்," என்றான் பிரகாசம். "நீ ஒருத்தன் மட்டும் ஊத்தலயே."

கோபம் வந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வெங்கடப்பனும் கங்கப்பனும் ஒரே வண்டியில் வந்தார்கள். பேட்டரியைக் கேட்க வெங்கடப்பனுக்கு வாய் வரவில்லை. அவன் வண்டி வேப்பனப்பள்ளியில் பேட்டரி இல்லாமல் நின்றது. கங்கப்பனின் வண்டியோ தெருமுனையிலேயே மூன்று தடவை அணைந்து அணைந்து வந்தது. கார்புரேட்டர் தேய்ந்த சத்தம் என்று பிரகாசத்துக்குக் கேட்டவுடனே தெரிந்தது.

பிரகாசம் போய்த் தன் வண்டியின் பானெட்டைத் திறந்தான். பேட்டரியைக் கழற்றி வெங்கடப்பன் காலடியில் வைத்தான். பிறகு கார்புரேட்டரில் கை வைத்தான்.

"வேணாங்கண்ணா," என்றான் கங்கப்பன். "நான் பண்ணது போதும்."

"ஓடாத வண்டி குடுக்கோணும். நான் சொன்ன பேச்சுதான?"

கார்புரேட்டரைக் கங்கப்பன் வண்டியில் ஏற்றி, நட்டுகளைப் பிரகாசமே முறுக்கினான். கங்கப்பன் சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. தையல் மிஷின் சத்தம். இரண்டு வாரத்துக்கு முன் தன் வண்டியில் கேட்ட சத்தம், அடுத்தவன் வண்டியிலிருந்து வந்தது. பிரகாசம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

சமையலறையிலிருந்து மேரிராணி ஈரக்கையோடு ஓடிவந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஓடிருச்சுங்களா? நம்ம வண்டி..."

செங்கல்மேல் நின்ற வண்டியின் திறந்த பானெட்டைப் பார்த்தாள். பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்த கங்கப்பனின் வண்டியைப் பார்த்தாள். கங்கப்பன் அவசரமாக இன்ஜினை அணைத்தான்.

அவள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, அண்ணனுக்கு ஆள் சொல்லி அனுப்பட்டுமா என்று பிரகாசத்திடம் கேட்டாள். அனுப்பச் சொன்னான்.

அன்றைக்கு அவள் காபி கொண்டுவரவில்லை. வெங்கடப்பன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.